கீறலுக்கு வைத்தியம்

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா, சீடியின் கீறல் நீக்கும் கருவி ஒன்று கொண்டுவந்திருக்கிறார். தட்டைக் கொழுவி, திரவம் தெளித்து, கைப்பிடியைச் சுற்றவேண்டும். கரண்ட் தேவையில்லை. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட யாழ்ப்பாணத்தாருக்கென்றே செய்த சாமான்.

விலையைப் பார்க்கக்கூடாது. அக்காவின் சாமத்தியவீட்டு வீசீடிக்கு விலை உண்டா? ஒரு தட்டில் 80 நிமிடந்தான் கொள்ளும். ஆகவே மூன்று தட்டு. அதில் இரண்டு, சனம் பந்தியில் சாப்பிடுவது. எந்த மாமியின் வடை நடுவில் சிக்கி நின்றாலும் குடும்பச் சரித்திரத்தில் ஓட்டைதான்.

பற்பசையே போதும் என்பார்கள். அவ்வளவு மலிவானது எப்படி வேலை செய்யும்? சிலர் விஞ்ஞானமும் பேசுவார்கள்: சீடியின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர், மினுங்கும் பக்கத்தில் மேலோட்டமான கீறலைத் தேய்த்து எடுக்கலாம், படம் பதிந்திருப்பதோ பெயரெழுதும் பக்கத்து மெல்லிய பூச்சுக்கடியில், அங்கே கைவைத்தால் போச்சு.

சித்தப்பா பாரபட்சம் தெரியாத மனிதர். இரண்டு பக்கமும் ஒரு மணித்தியாலம் தேய்த்தார். ஒரு கீறல் இல்லை. இவ்வளவு தெளிவான வீசீடியை நாங்கள் கண்டதேயில்லை: தூக்கிப் பிடித்தால் வேலியோரப் பூவரசு அப்படியே தெரிகிறது.

நாளைக்கு இரண்டாம் தட்டு.