சுரங்கமும் சுடோகுவும்

கேள்வி: சுடோகுவில் பாதி தாண்டுவதற்குள் எல்லாம் குழம்பிவிடுகிறதே, ஏன்?
- ஒரு வாசகர், கம்மாபுரம்

பதில்: பக்கத்தில் நெய்வேலியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா! அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு காத்திருக்கிறது ஊற்றுநீர். மேல்மண்ணை எடுத்தால் பாரம் குறையும். பாரம் குறைந்தால் நீர் பீறிடும். ஆகவே முதலில் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறை, பிறகு கரியை வெட்டு. அங்கே 1956-ல் தொடங்கிய சுரங்க நிறுவனம் இன்றும் இறைத்துக்கொண்டுதான் வெட்டுகிறது.

சுடோகுவும் அப்படியே; ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு ‘ஆகவே’ வேண்டும். இந்த வரிசையில் 5 வந்தாயிற்று, அந்தக் கட்டத்திலும் வந்தாயிற்று. மிச்சம் ஒரே இடம், ஆகவே அங்கேதான் 5. ‘இருக்கலாம்’ என்று எழுதினால் ரப்பர்தான் தேயும். சுரங்கத்தில் இறைப்பது தண்ணீர். நீங்கள் இறைக்க வேண்டியது அவசரம்!