உப்புத்தாள் உபாசகர்

சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட ஆள் அனுப்பியே காலந்தள்ளிய உத்தியோகஸ்தர்களில் சிலருக்கு, பென்ஷன் வாங்கத் தொடங்கிய மறுமாதமே, வீட்டுக்கு வேண்டிய புத்தக அலமாரியைத் தம் கையாலேயே சிருஷ்டித்துவிட வேண்டும் என்ற வைராக்கியம் பிறந்துவிடுகிறது. பிறந்தபின் மனைவி மக்களாலும் அதைத் தணிக்க முடிவதில்லை, டாக்டராலும் முடிவதில்லை.

எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை வாங்கப் போகும் அவர், கப்பல் வேலைக்கென்று ஏற்பட்ட ஐ.எஸ். 710 தரத்துக்குக் குறைந்த எதையும் தொடமாட்டார். "ஹாலில் நிற்கப்போகிற அலமாரிதானே சார், 303 போதுமே" என்று கடைக்காரரே தம் லாபத்தை மறந்து இரக்கப்பட்டாலும், "வெள்ளம் வந்தால்?" என்று ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிடுவார்.

அறுப்பதும் பிணைப்பதும் ஒருவாறு முடிந்துவிடும். அவருடைய ஜன்மம் சாபல்யமடைவது தேய்ப்பதில்தான். 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 120, 180 என்று படிப்படியாக ஏறி 220-இல் நிறுத்த வேண்டும் என்பதும், தாளை வெறுங்கையால் பிடிக்காமல் மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும் என்பதும், ஒட்டுப்பலகையின் மேலேடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராதாகையால், சற்று அழுத்தினாலும் அதற்கடியில் குறுக்காக ஓடும் அடுத்த ஏடு பல்லிளித்துவிடும் என்பதும் அவருடைய சாஸ்திரம். இந்தச் சாஸ்திரத்தை எதிர்வீட்டுக்காரருக்கு அவர் உபதேசித்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கை மேலேட்டைக் கடந்து வெகுதூரம் போயிருக்கும். உடனே பட்டி பார்ப்பார். பட்டி காய்ந்ததும் மறுபடி 120-க்கு இறங்குவார். ஏடுகளின் நுனிகளெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் விளிம்புகளோ, எத்தனை கை வர்ணம் அடித்தாலும் குடித்துவிட்டு மேலும் கேட்கும். அங்கே மெல்லிய மரச்சட்டம் ஒட்டி மறைத்துவிடுவது ஆசாரிகளின் வழக்கம்; நம்மவர் அதைக் கோழைத்தனம் என்று கருதுகிறார்.

இதற்கிடையில், பறந்த தூள் வீடெங்கும் சஞ்சரிக்கிறது. "ஏங்க, இட்லி மாவு மேலேயும் உங்க மாவுதான் கிடக்குது" என்று அடுக்களையிலிருந்து வரும் குரல் அவர் செவியில் விழுவதில்லை.

பிறகு பிரைமர். அது பட்டதும் மரத்தின் நார் சிலிர்த்துக்கொள்ளும். ஆகவே 320-ஆம் நம்பரால் இன்னொரு முறை. எனாமல் பெயிண்ட் என்பது தின்னர் ஆவியாவதனால் மட்டுமன்றி, காற்றிலுள்ள பிராணவாயுவையும் ஏற்றே இறுகுவது என்று விளக்கத் தெரிந்த இந்த மேதாவி, அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் மாதம், மழை விடாது பெய்யும் ஐப்பசி. காயாத முதற்கையின் மேல் கொசு ஒன்று உட்கார்ந்து, அங்கேயே முக்தியும் அடைந்துவிடும். இரவில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால்கூடப் புலப்படாத மேடுபள்ளங்களைத் தேடும் அவர், அந்தக் கொசுவின் சமாதியைக் கண்டதும் கவலை கொள்வதில்லை; உப்புத்தாளை மறுபடி எடுக்க ஒரு காரணம் கிடைத்த ஆனந்தமே அவர் முகத்தில் தெரியும்.

சுவரைப் பார்த்து நிற்கப்போகும் பின்புறத்துக்கும் அவர் முன்புறத்துக்கு அடித்த அத்தனை கைகளையும் அடிக்கிறாரே, அதில் மட்டும் அவரைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு முகத்துக்கு மட்டும் பூச்சுக் கண்ட பலகை, மறுமுகத்தின் வழியே ஈரத்தை உறிஞ்சி வளைந்துபோகும். அவசரக்காரர்கள் பலர் இதைத் தெரிந்தே விட்டுவிடுகிறார்கள்.

எனினும், வெள்ளை வேட்டியுடன் அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால், அவர் எவ்வளவு உபசரித்து அருகே அழைத்தாலும், அலமாரியை ஒட்டி மட்டும் நின்றுவிடாதீர்கள். இரண்டாம் கை இன்னும் காய்ந்திராது.