மரம் கல்லானது போல மாறுங்கள்!

கேள்வி: 15 வருட ஜல்லி வியாபாரக் கணக்கு, கடைக் கம்ப்யூட்டரில் பழைய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் இருக்கிறது. கிளவுடுக்கு மாற்றச் சொல்கிறான் மகன். மாற்றலாமா?
– ஒரு வாசகர், திருவக்கரை

பதில்: தாராளமாக! உங்கள் ஊர் கல்மரப் பூங்காவே வழிகாட்டும். 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்களுக்குள் சிலிக்கா மெல்ல மெல்லப் புகுந்தது. மரம் போய்க் கல் வந்தது. வளையங்களோ அப்படியே இருக்கின்றன. இடமாற்றம் அப்படி நடக்க வேண்டும்.

ஆக்சஸ் கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது. அதைத் தூக்கி கூகுள் டிரைவில் போட்டால் கிளவுட் ஆகிவிடாது. அங்கிருந்து இருவர் ஒரே நேரத்தில் திறந்தால் கோப்பு கெட்டுவிடக்கூடும். முதலில் அட்டவணைகளை மட்டும் கிளவுடில் உள்ள போஸ்ட்கிரஸ் அல்லது எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள். நுழைவுத் திரைகள், ரசீதுகள் பிறகு.

வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி, டேப் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், அட்டவணைகளை மாற்றும் முன்பே யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் 'முருகன்' என்று தேடினால் முருகனே கிடைக்க மாட்டார்! தமிழக அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது.

நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களை ஒரே கிளவுட் மென்பொருளில் சேர்க்க, 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சங்கத்துக்கு ஆகும்போது உங்களுக்கு ஆகாதா?

ஒரு மாதம் பழையதிலும் புதியதிலும் கணக்கு எழுதுங்கள். இரண்டிலும் பாக்கித் தொகை பைசா பிசகாமல் ஒத்துப்போன பிறகே பழையதை மூடுங்கள். அதன் நகல் ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.