பருத்துப்போன கடுகு

காசிமேட்டு மாமாவுக்குத் தெரிந்த பழமொழி ஒன்றே ஒன்றுதான்: கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை குள்ளம் என்று முணுமுணுத்தாலும் அதைத்தான் சொல்வார், ஹெவிவெயிட் குத்துச்சண்டை பற்றிப் பேச்சு வந்தாலும் அதைத்தான் சொல்வார்.

பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு, சாயங்காலம் கிளவுஸ் மாட்டியவர் மாமா. அவர் எடை 128 ராத்தல். ஒருமுறை 'யானை' என்று பட்டப்பெயர் கொண்ட ஒருவனோடு மோதினாராம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் யானைக்கு ஆறடி உயரம். நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அவன் நிலைப்படியில் குனிந்துதான் நுழைவான். அவனை மாமா பாயிண்டில் ஜெயித்தாராம். மேல்வரிசையில் அவருக்கு ஒரு பல் இல்லாததற்கு மட்டும் அந்தக் கதையில் இடமே கிடையாது.

1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டபோது, மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து இருவருமே எனக்குக் கட்டெறும்பாகத்தான் தெரிந்தார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் மாமா பாடம் நடத்தினார். 1919 ஜூலை 4, அமெரிக்காவில் டொலிடோ. 245 ராத்தல் ஜெஸ் வில்லார்டை 187 ராத்தல் ஜாக் டெம்ப்ஸி முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை கீழே தள்ளினான். மூன்று ரவுண்டு முடிந்ததும் வில்லார்ட் ஸ்டூலைவிட்டு எழவில்லை. "ஆள் பெருசா இருந்தா அடி விழுற இடமும் பெருசுடா!"

பாடத்தின் உச்சம் 1974, கின்ஷாசா. அலி கயிற்றில் சாய்ந்து கையால் முகத்தை மூடிக்கொள்ள, ஜார்ஜ் ஃபோர்மன் குத்திக் குத்தியே ஓய்ந்துபோய் எட்டாவது ரவுண்டில் விழுந்த கதை. மாமா சொல்லும்போது ஃபோர்மன் மனிதனே இல்லை, பூதம்.

கேபிள் டிவி வந்தது, பழமொழிக்குக் கெட்ட காலமும் வந்தது. 2002-இல் மெம்பிஸில் ஆறடி ஐந்தங்குல லெனாக்ஸ் லூயிஸ், ஐந்தடி பத்தங்குல மைக் டைசனை எட்டாவது ரவுண்டில் மல்லாத்தினான். மாமா டிவியை அணைத்துவிட்டு, "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்டா, அதான்" என்றார். கிளிச்கோ சகோதரர்கள் ஜெயிலுக்கு அனுப்பாமலே சின்ன ஆட்களை ஒழித்தார்கள். ஈட்டி மாதிரி நீண்ட இடது கை. அதைத் தாண்டி உள்ளே போனால், கழுத்தில் கையைப் போட்டு, சகோதரர்களில் ஒருவனான விளாதிமிர் மொத்த பாரத்தையும் இறக்குவான். நூற்றுப்பத்து கிலோவைத் தோளில் சுமந்துகொண்டு யார் குத்த முடியும்? அந்தக் காலத்து ராட்சதன் தடுமாறும் பனைமரம். இந்தக் காலத்து ராட்சதனுக்குக் கால் நகர்த்தவும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, 15 ரவுண்டு சண்டை எண்பதுகளில் 12 ஆகிவிட்டது. பெரிய உடம்பு மூச்சுவாங்கும் கடைசி மூன்று ரவுண்டும் போயே போச்சு.

நடுவில் 2009-இல் ஒரு ஆறுதல். ஏழடி நிக்கோலாய் வாலுயெவைத் தன்னைவிட 45 கிலோ கனமானவன் என்றும் பாராமல் டேவிட் ஹே பாயிண்டில் ஜெயித்தான். தொட்டுவிட்டு ஓடினான், பன்னிரண்டு ரவுண்டும். மாமாவுக்குத் திருப்தியில்லை. "இது சண்டையா? நண்டு புடிக்கிறான்."

2024 மே மாதம், விடியாத நேரம், ரியாத். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என் மகனின் மொபைலை இரண்டு முழம் தள்ளிவைத்துப் பார்க்கிறார். டைசன் ஃப்யூரி ஆறடி ஒன்பதங்குலம், 262 ராத்தல். எதிரே கீழ் எடைப்பிரிவிலிருந்து ஏறிவந்த அலெக்சாண்டர் உசிக். "பாவம் தாத்தா, உசிக் ரொம்பச் சின்ன ஆளு," என்றான் மகன். இடதுகைக்காரனான உசிக், வலது காலை ஃப்யூரியின் இடது காலுக்கு வெளியே வைத்து வைத்து நகர்ந்துகொண்டே இருந்தான். ஒன்பதாவது ரவுண்டில் அந்த இடது கை முகத்தில் இறங்க, ஃப்யூரி ரிங்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளாடினான். கயிறு மட்டும் இல்லாவிட்டால் விழுந்திருப்பான். ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார். கடைசியில் மூன்று நடுவர்களில் இருவர் உசிக் பக்கம்.

"பாத்தியா! கடுகு சிறுத்தாலும்..."

"கடுகு 223.5 ராத்தல், தாத்தா." மகன் மொபைலைத் தட்டினான். "உங்க பூதம் ஃபோர்மன் அன்னைக்கு எவ்ளோ தெரியுமா? 220."

மாமா வெற்றிலையை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் காலத்துப் பூதத்தைவிட என் மகன் காலத்துச் சுண்டெலி மூன்றரை ராத்தல் கூடுதல். உயரத்தில் உசிக்கும் அலியும் ஒன்று. டெம்ப்ஸி இன்று எடை பார்க்க வந்தால், பக்கத்து வரிசையில் நிற்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சின்ன ஹெவிவெயிட்கள் பாவம் என்று 224 ராத்தலுக்குள் பிரிட்ஜர்வெயிட் என்றொரு வகுப்பையே 2020-இல் உலகக் குத்துச்சண்டை கவுன்சில் திறந்தது. அன்றைய எடைக்கு உசிக் அங்கேயே நிம்மதியாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம். 2024 டிசம்பரில் 281 ராத்தலாக ஏறி வந்த ஃப்யூரியை மறுபடியும் ஜெயித்தான். அந்தத் தடவை மூன்று நடுவர்களும் அவன் பக்கம்.

போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது ஒரு பழைய குரூப் போட்டோ கிடைத்தது. மாமா நிற்கிறார். பக்கத்தில் யானை. பெயர் பின்னால் எழுதியிருந்தது. மாமாவைவிட யானை இரண்டு விரல்கடை உயரம்.

மகன் போட்டோவை நீட்டினான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நாக்கு, பல் இல்லாத இடத்தைத் தானாகப் போய்த் தொட்டது.

"அடி வாங்குறப்ப பெருசாத்தான்டா இருந்தான்."