தீர்ப்பு என் கையில், பணம் அவர் பையில்

சினிமாவில் நீதிபதி தீர்ப்பை வாசித்து எழுந்ததும் 'வணக்கம்' போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் நடப்பதையும் காட்டினால் படம் 12 வருஷம் ஓடும். சிவில் கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ளக் காலவரம்புச் சட்டம் தரும் கெடு 12 ஆண்டு. அது எவ்வளவு தாராள மனசு என்று முதலில் நினைத்தேன். அனுபவஸ்தர்கள் போட்ட கணக்கு என்று பிறகுதான் புரிந்தது.

எனக்கு ஈரோட்டில் ஓர் ஆஃப்செட் பிரஸ். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். அங்கே வந்து சேர்ந்தவர் ஒரு ரியல் எஸ்டேட் புரொமோட்டர். சோளக்காட்டை 'நகர்' ஆக்கி விற்பவர். லேஅவுட் படம் போட்ட ஆர்ட் பேப்பர் பிரோஷர், கலர் நோட்டீஸ், தினசரி காலண்டர் என்று அடித்துக் கொடுத்ததில் பாக்கி 1,84,000 ரூபாய். கேட்டால், "பணம் எங்கீங்க போயிரப் போவுது?" என்பார். அது எங்கே போனது என்று விசாரிக்கத்தான் கோர்ட்டுக்குப் போனேன்.

இப்படிப்பட்ட பாக்கிக்கு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். இந்தக் கெடு எனக்கு வக்கீல் சொல்லித்தான் தெரியும். பாக்கி வைத்தவரோ காலண்டரிலேயே வட்டம் போட்டு வைத்திருப்பார். காலண்டரும் நான் அடித்ததாகத்தான் இருக்கும். வராத பணத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய் வீதம் கோர்ட் கட்டணம் கட்டி வழக்குப் போட்டேன்.

சம்மனோடு புராசஸ் சர்வர் போனபோதெல்லாம் வீடு பூட்டிக் கிடந்தது. மாடியில் துணி மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் நாளிதழில் விளம்பரம் கொடுக்கக் கோர்ட் அனுமதித்தது. செலவு என்னுடையது. அதாவது, அவர் பெயரைப் போட்டு என் காசில் இன்னொரு விளம்பரம்.

அதற்கும் அவர் வரவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு கிடைத்தது. பிரஸ்ஸில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். ஜிலேபி செரிப்பதற்குள் அவரிடமிருந்து மனு வந்தது. மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாராம், நாட்டு மருந்து சாப்பிட்டாராம், வழக்கு நடந்ததே தெரியாதாம். ஆகவே தாமதத்தை மன்னித்துத் தீர்ப்பை ரத்து செய்ய வேண்டுமாம். சிவில் கோர்ட்டுகளில் மஞ்சள் காமாலைக்குத் தனி மரியாதை உண்டு. நாட்டு மருந்து என்பதால் டாக்டர் சர்டிபிகேட் கேட்க முடியாது. காமாலை ஆளைப் படுக்க வைக்கும், ஆனால் வியாபாரத்தைப் படுக்க வைக்காது. எனக்குச் செலவுத்தொகை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கோர்ட் மனுவை ஏற்றது. அந்தத் தொகையைக் கெடு நாளுக்கு முன்பே கட்டிவிட்டார். அவர் கையிலிருந்தும் பணம் வரும் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அதுதான்.

வாய்தா மேல் வாய்தாவாகப் போய், குறுக்கு விசாரணையில் நான்தான் அவருக்குப் பாக்கியோ என்று எனக்கே சந்தேகம் வந்து, ஒருவழியாக மறுபடியும் ஜெயித்தேன். இந்த முறை ஜிலேபி வாங்கவில்லை.

இந்தியாவில் வழக்காடுகிறவனின் கஷ்டம் தீர்ப்பு கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்ற கருத்தை 1872-இலேயே லண்டன் பிரிவி கவுன்சில் எழுதி வைத்துவிட்டது. ஈரோட்டைப் பார்க்காமலே இத்தனை துல்லியம். நிறைவேற்று மனுவை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், நீட்டினால் காரணத்தை எழுத வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காரணத்துக்கா நம்மிடம் பஞ்சம்?

"அவர் பேர்ல என்ன சொத்து இருக்குதுன்னு இனி நீங்கதாங்கண்ணா கண்டுபிடிச்சுச் சொல்லோணும்" என்றார் வக்கீல் தம்பி. விசாரித்தேன். வீடு அம்மா பெயரில். கார் மனைவி பெயரில். ஆபீஸ் வாடகை, அதன் அக்ரிமென்ட் மச்சான் பெயரில். அவர் பெயரில் இருந்தது என் வழக்கு மட்டும்தான்.

வீட்டுச் சாமான்களையாவது ஜப்தி செய்யலாம் என்று அமீனாவோடு போனேன். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு நல்ல மனசுக்காரர்கள் எழுதியது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகை, விவசாயியின் ஏர், மாடு, இவற்றில் கை வைக்கக்கூடாது. மிச்சம் இருந்தது சோபா, டிவி, ஃபிரிட்ஜ். "அதெல்லாம் எங்கப்பா வாங்கிக் குடுத்த சீருங்க" என்று அவர் மனைவி பில்லை நீட்டினார். பில் மாமனார் பெயரிலேயே இருந்தது. புரொமோட்டரோ கோர்ட்டில் தன் தொழிலை 'விவசாயம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். காட்டை எல்லாம் மனையாக்கி விற்றது போக, மிச்ச நேரத்தில் செய்வார் போலிருக்கிறது.

எனக்கு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தவர்கள் மேல் பொறாமையே வந்தது. விபத்து இழப்பீடு கொடுக்காவிட்டால் கோர்ட் ஊழியர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நிற்கிற பஸ்ஸையே ஜப்தி செய்துவிடுகிறார்கள். அந்த பஸ் எந்த அத்தையின் பெயரிலும் இல்லை.

"கைது செய்யச் சொல்லி மனுப் போடலாமா தம்பி?" என்றேன்.

"போடலாங்கண்ணா. ஆனா அவரு உள்ள இருக்கற வரைக்கும் சாப்பாட்டுப் படியை மாசாமாசம் முன்கூட்டியே நீங்கதான் கட்டோணும்."

பிரோஷர் அடித்துக் கொடுத்தது போதாதென்று, இனி சோறும் நானே போட வேண்டும். சிவில் சிறை அதிகபட்சம் 3 மாதம். வெளியே வந்தாலும் கடன் கழியாது, ஆனால் அதே தீர்ப்புக்காக மறுபடி பிடிக்க முடியாது. சிறைக்கு அனுப்பும் முன்னால், கட்ட வசதி இருக்கிறதா என்ற விசாரணை வேறு. பணம் கட்ட முடியாத நிலை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ளக்கூடாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். உண்மையான ஏழையை நினைத்து எழுதியது. என் பார்ட்டி அதைப் படித்துவிட்டே புறப்பட்டவர் போல, தேய்ந்த செருப்பும் கசங்கிய சட்டையுமாக விசாரணைக்கு வந்தார். வேப்ப மரத்தடியில் மனைவியின் கார் ஏசி ஓடியபடி காத்திருந்தது.

வழி பிறந்தது என் பிரஸ் பரணில். பழைய சாம்பிள்களுக்கு நடுவே அவருடைய பிரோஷர் கிடந்தது. சர்வே எண்ணோடு லேஅவுட் படம், மனை வாரியாக அளவு, எல்லாம் நானே நாலு கலரில் அடித்தவை. அதைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். ஒரு மூலை மனை இன்னும் விற்காமல் அவர் பெயரிலேயே இருந்தது. என் பாக்கிக்கு அது ஏகப்பட்ட சொத்து. ஜப்தி உத்தரவு வாங்கினோம். அதைத் தமுக்கடித்து அறிவிக்கும் முறை 1908-ஆம் வருஷச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. அடித்தோம். இரண்டு ஆடுகள் திரும்பிப் பார்த்தன. புரொமோட்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் உத்தரவு சார்பதிவாளருக்கும் போய், வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டது. மனை வாங்க வந்தவருடைய பேங்க் வக்கீல் அதைப் பார்த்துவிட்டு லோன் கிடையாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பிரஸ் திறப்பதற்கு முன்பே புரொமோட்டர் வாசலில் நின்றார். "ஏனுங்க, நமக்குள்ள கோர்ட்டு கேஸெல்லாம் எதுக்குங்க?" என்றார். வட்டியில் பாதியை விட்டுக் கொடுத்தேன். அசலை முழுசாக எண்ணி வைத்தார்.

ஆக, தீர்ப்பு பணமாகாது. கடனாளி எதை விற்கத் துடிக்கிறாரோ, அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளத் தரும் அனுமதிச் சீட்டு அது. உட்காரும் இடத்தை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

அதனால் இப்போது ஆர்டர் எடுக்கும்போதே தேட ஆரம்பித்துவிடுகிறேன். வீடு சொந்தமா, யார் பெயரில், வண்டி யார் பெயரில், எந்த பேங்க் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். போன வாரம் ஒருவர் எரிச்சலாகிவிட்டார். "ஏனுங்க, நான் நோட்டீஸ் அடிக்க வந்தனா, பொண்ணு கேட்டு வந்தனா?"

"பொண்ணுன்னா இத்தனை விசாரிக்க மாட்டனுங்க" என்றேன்.