பந்துவயிற் பிரிவு: கோல்ஃப் ஆட மலையேறும் தேனி நண்பர் குழாம் குறித்த திணை ஆராய்ச்சி

தலைவன் தலைவியைப் பிரிவதற்கான காரணங்களை இலக்கணம் எண்ணி வைத்திருக்கிறது. ஓதப் பிரியலாம், பகைமேல் செல்லலாம், தூது, காவல், பொருள் என்று எதை முன்னிட்டும் போகலாம். பின்னால் வந்த நம்பியகப்பொருள் கணக்கைச் சற்றே மாற்றிப் பரத்தையையும் சேர்த்து ஆறாக்கியது. சனிக்கிழமை தேனியில் இரண்டு காரில் கிளம்பி, கொடைக்கானலில் கோல்ஃப் போட்டி ஆடி, ஞாயிறு இரவு வீடு திரும்பும் எட்டுப் பேரின் பிரிவை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? ஓதற்பிரிவுக்கு மூன்றாண்டு, பொருட்பிரிவுக்கு ஓராண்டு என்று எல்லை வகுத்த பெரியோர், இரண்டு பகல் ஓர் இரவுப் பிரிவுக்குச் சூத்திரம் செய்யாமல் விட்டார்கள். அதற்குப் பந்துவயிற் பிரிவு என்று பெயரிட்டு மேலே செல்கிறேன்.

இது புறத்திணை என்பாரும் உளர். போட்டி உண்டு, வெற்றி உண்டு, கோப்பை உண்டு; ஆடுகளத்தில் காட்டெருமைக் கூட்டமும் மேய்வதால் வெட்சி என்றே கொள்ளலாம் என்பது அவர் வாதம். பொருந்தாது. வெட்சியில் மறவர் ஆநிரையைக் கவர்வர். கொடைக்கானலில் பந்தின்மேல் ஆநிரை நின்றுகொண்டால் மறவர்தான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவர். மேலும் புறத்தில் ஆள் பேசுவது அவன் நினைப்பதுதான். அகத்தில் பேச்சு வேறு, உள்ளுறை வேறு. நம் குழாத்தார் வாயிலிருந்து இரண்டு நாளும் உள்ளுறை இல்லாத ஒரு வாக்கியம்கூட வராது. ஆகவே இது அகமே. அகத்தில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்ற விதிப்படி, ஏலக்காய் வியாபாரி, பல் டாக்டர், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், திராட்சைத் தோட்டக்காரர் என்று தொழிலைக் கொண்டே அவர்களைக் குறிக்கிறேன். மற்ற நால்வர் தங்களைக் குறிக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் பாலை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக ஏகமனதாக முடிவெடுத்து, பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவது வழக்கம். பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று விதித்தவர் இக்குழாத்தை முன்பே அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். பெரியகுளம், தேவதானப்பட்டி, காட்ரோடு என்று சித்திரை வெயிலில் போகும் வழியில் ஆறலைகள்வர் இப்போது இல்லை. புரோட்டாக் கடைகள் உண்டு. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. பெண்டிரோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். கொடைக்கானல் மலைச்சாலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஓட்டையைத் தலைவியர் இன்னும் கண்டுபிடிக்காததால்தான் பயணம் நடந்துகொண்டிருக்கிறது.

போட்டியின் மிக முக்கியமான பகுதி காருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான் இவ்வாய்வின் தலையாய முடிபு. கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று ஒன்று உண்டு. ஒவ்வொருவரின் திறமைக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஏற்ப அவர் அடித்த அடிகளிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை; உச்ச வரம்பு 54. திறமை குறையக் குறையச் சலுகை கூடும். எனவே மற்ற எல்லா விளையாட்டிலும் தன்னைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் மனிதன், இதில் மட்டும் தன்னைச் சிறிதாகக் காட்ட இராப்பகலாக உழைக்கிறான். நண்பர் குழுவில் இந்த எண்ணை எந்த அதிகாரியும் தருவதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது போல, பெரியகுளம் தாண்டியதும் பேச்சு தொடங்கும்.

“முட்டி சுத்தமா மடங்கலண்ணே. ஊசி போட்டுத்தான் வந்துருக்கேன்.”

“போன வருசமும் இதே முட்டிதானப்பா? நீதான ஜெயிச்ச?”

“அது காத்து நம்ம பக்கம் அடிச்சுது. எனக்கெல்லாம் இருபத்தெட்டு குடுத்தாலும் பத்தாது.”

பேசுபவர் ஏலக்காய் வியாபாரி. போடி ஏலத்தில் தன் சரக்கின் நிறம், பருமன், எண்ணெய்ப் பசை எதையும் விட்டுக்கொடுக்காதவர். இங்கே தன் சரக்கைத் தானே பொக்கு என்கிறார். முட்டி வலி என்பது வெளிப்படை. இன்னும் இரண்டு அடி சலுகை என்பது உள்ளுறை. இதை உணர்ந்த பல் டாக்டர் உடனே தோள்பட்டையைப் பிடித்துக்கொள்கிறார். காட்ரோட்டில் கார் மலையைத் தொடும்போது எட்டுப் பேரும் நோயாளிகள். மேலே போனால் எவரும் நொண்டுவதில்லை.

வரலாறும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரை அல்லவா. 1895 அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, பென்னிகுக் திருப்பிவிட்ட தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தோன்றியதும் அதே 1895இல்தான். ஒரே ஆண்டில் கீழே வாய்க்கால் வெட்டினார்கள், மேலே குழி வெட்டினார்கள். அன்று மோட்டார் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, மாட்டு வண்டியில் இரவெல்லாம் வந்து, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். துரைகள் டோலியில், சாமான்கள் கூலியாட்கள் தலையில். ஆகவே கொடைக்கானல் ஏறிய முதல் கோல்ஃப் மட்டை பெரியகுளம் பக்கத்து ஆள் ஒருவர் தோளில்தான் ஏறியிருக்கும் என்பது என் துணிபு. எதிர்ச்சான்று உடையோர் கொண்டு வரலாம். கொண்டு வரும்வரை இவ்விளையாட்டில் தேனி மாவட்டத்துக்குப் பாத்தியதை உண்டு. அந்த மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1996இல்தானே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனிக் குறிஞ்சி. முதற்பொருள், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயர மலை. கருப்பொருளில் தெய்வம், குறிஞ்சி ஆண்டவர்; மரம், வேங்கை போய்ப் பைனும் யூக்கலிப்டஸும்; உணவு, பிரெட் ஆம்லெட்; விலங்கு, மேலே சொன்ன காட்டெருமை. உரிப்பொருள் புணர்தல். எதனோடு எது என்று மயங்க வேண்டாம். பந்து குழியோடு. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்று 1891இலேயே ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் வரையறுத்துவிட்டார்கள். பந்து அதில் பாதிகூட இல்லை. அப்படியிருந்தும் கூடுவது அரிது. டீயிலிருந்து அடித்த ஒரே அடியில் பந்து குழியில் விழுந்தால் அது இயற்கைப் புணர்ச்சி. ஊழ் கூட்டினாலன்றி நிகழாது. சாதாரண ஆட்டக்காரருக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் முயற்சியில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியோ 2018இல் பூத்துவிட்டது, 2030இல் மறுபடியும் பூக்கும். நம் குழாத்தாரைக் காட்டிலும் செடி நம்பத் தக்கது. அவர்களுக்கு வாய்ப்பதெல்லாம் பாங்கற் கூட்டம். பாங்கனாவான் கேடி. பையைச் சுமந்து, சரிவு எந்தப் பக்கம் என்று காட்டி, “சார், மெதுவா” என்று பாங்கனுக்குரிய கழறலையும் அவனே செய்வான். எந்தத் தலைவன் அதைக் கேட்டான்?

மெல்லிய மலைக்காற்றில் பந்து சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகப் பறக்கும். இது பௌதிகம். தன் புஜபலம் என்பது பேங்க் மேனேஜரின் கட்சி.

மதிப்பெண் முறையைப் பொறுத்தவரை குழாம் ஸ்டேபிள்ஃபோர்டைப் பின்பற்றுகிறது. இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் 1932இல் நடைமுறைக்கு வந்தது. வகுத்தவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர். குழிக்குரிய அடிகளில் முடித்தால் இரண்டு புள்ளி, ஓரடி கூடினால் ஒன்று, அதற்கு மேல் எத்தனை அடித்தாலும் வெறும் பூச்சியம். பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். பன்னிரண்டு அடி அடித்தவனும் ஆறு அடித்தவனும் ஒரே பூச்சியத்தின் நிழலில் நிற்பார்கள். இவ்வளவு கருணை மருத்துவருக்குத்தான் தோன்றும்.

காட்டெருமை விஷயத்தில் விதிநூல் ஓரளவு தெளிவு. நின்ற பந்தை விலங்கு நகர்த்தினால் தண்டனையின்றிப் பழைய இடத்தில் வைக்கலாம். சாணத்தையும் அப்புறப்படுத்தலாம், ஆனால் அப்புறப்படுத்தும்போது பந்து அசைந்தால் ஓரடி தண்டம். திராட்சைத் தோட்டக்காரர் சாணத்தின் முன் குந்தி, மூச்சடக்கி, இரண்டு குச்சியால் அதைப் பெயர்த்தெடுக்கும் நிதானத்தைக் கண்டோர், பன்னீர் திராட்சைக் கொத்து அவர் கையில் ஏன் உதிர்வதில்லை என்பதை உணர்வர். ஆபத்தான விலங்குகளிடமிருந்து விலகிக்கொள்ளும் சலுகையில் விதிநூல் எடுத்துக்காட்டுவன நச்சுப்பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, கரடி முதலியன. காட்டெருமையைப் பெயர் சொல்லவில்லை. முதலை ஏறாத மலையில் ஆடுபவர்களுக்கு இது குறைதான்.

நெய்தலை மலைமேல் தேட வேண்டியதில்லை. ஸ்காட்லாந்துக் கடற்கரை மணல்மேட்டில் பிறந்த ஆட்டம், போகுமிடமெல்லாம் கொஞ்சம் கடற்கரையைக் கூடவே கொண்டுபோகிறது. அதற்குப் பங்கர் என்று பெயர். உரிப்பொருள் இரங்கல். பிற்பகலில் மூடுபனி இறங்கிப் பந்து காணாமல் போனாலும் இரங்கலாம், ஆனால் அளவோடு. தேடும் நேரத்தை 2019இல் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள்.

முல்லைக்குரிய மாலையில் தலைவி ஆற்றியிருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து, கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனைக்கு வந்து தலைவன் போன் செய்கிறான். மூட்டம் விலகினால் கீழே வைகை அணை தெரியும் இடம்.

“இங்கேருந்து பாத்தா வைகை டேம் தெரியுது.”

“அப்படியே நம்ம வீட்டுக் குழாய்ல தண்ணி வருதான்னும் பாத்துச் சொல்லுங்க. நாங்க வீரபாண்டித் திருவிழாவுல இருக்கோம்.”

பின்னணியில் ராட்டினச் சத்தம். ஆற்றியிருத்தல் இடம் மாறித் தலைவன் தலையில் விழுந்ததை உரையாசிரியர்கள் திணை மயக்கம் என்பர்.

யாமத்தில் கணக்கு முடியும். புள்ளிகளைக் கூட்டுபவர் பேங்க் மேனேஜர். முப்பத்தைந்து வருடம் கூட்டியவர் என்பதால் எவரும் எதிர்த்துக் கேட்பதில்லை, அவரே ஜெயிக்கும் ஆண்டுகள் நீங்கலாக. இம்முறையும் முட்டி மடங்காதவருக்கே கோப்பை. பரிசை வாங்கக் குனிந்தபோது முட்டி நன்றாகவே மடங்கியதைப் பல் டாக்டர் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டுப் பேரத்துக்கு அது ஆவணம்.

கடைசியில் மருதம். பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் வயல் சூழ்ந்த பள்ளத்தாக்கு, உரிப்பொருள் ஊடல். இதற்கு வைகறையே உரிய பொழுது. குழாம் வீடு சேர்வதும் ஏறத்தாழ அப்போதுதான்; ஞாயிறு இரவு என்று மேலே சொன்னது குழாத்தார் தரப்பு வாக்குமூலம். ஊடல் தணிக்கப் பாணனையும் விறலியையும் வாயிலாக அனுப்பியது அக்காலம். இக்காலத் தலைவன் கொண்டு வரும் வாயில், புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, இரண்டு கிலோ. தலைவி பையைத் திறந்து முகர்ந்தாள்.

“என்ன விலை?”

இரண்டு நாள் பழக்கம் நாக்கிலேயே இருந்ததால், கொடுத்ததில் பாதியைச் சொன்னான்.

“அந்த விலைக்கு மலைப்பூண்டு எவனும் தரமாட்டான். ஒண்ணு, நீங்க சொல்றது பொய். இல்ல, இது மலைப்பூண்டே இல்ல. வர்ற வழியில வடுகபட்டிச் சந்தை இருக்கே, பூண்டு மொத்தமும் அங்கதான வந்து எறங்குது? எது, சொல்லுங்க.”

தலைவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.