அண்ணையை எழுப்ப முந்தித் தம்பியாரைக் கேள்

மோனை, நீ படம் எடுக்கப் போறாய் எண்டு கொம்மா சொன்னவ. சந்தோசம். ஆஸ்பத்திரி இருக்கிற களுபோவிலையிலை இருந்து இவ்வளவு காலமும் டொக்டர்மாரும் வருத்தக்காரரும்தான் வெளிக்கிட்டவை. ஒரு டைரக்டரும் வெளிக்கிடட்டும். ராகலைக் காட்டுக்குள்ளை ஒரு குகை, குகைக்குள்ளை 18 அடிப் பெட்டி, பெட்டிக்குள்ளை ராவணன்ரை மம்மி. அது எழும்பிக் கொழும்புக்கு வருது. காலி வீதியிலை பஸ்ஸுக்கு மேலை ஏறி நிண்டு சண்டை. இதுதானே உன்ரை கதை?

பஸ் சண்டை எங்கையிருந்து வந்ததெண்டு கிழவனுக்குத் தெரியாது எண்டு நினையாதை. தோட்டத்துக்கு இறைப்பு முடிஞ்சால் எங்களுக்கு அடுத்த வேலை படம் பாக்கிறதுதான். உது ‘த மம்மி ரிட்டர்ன்ஸ்’. 2001 இலை வந்தது. லண்டன் மியூசியத்துக்குள்ளை எழுப்பிவிட்ட மம்மியள் சிவத்த மாடி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓட, பிரெண்டன் ஃப்ரேசர் உள்ளை நிண்டு சுடுவான். களவெடுக்கிறதெண்டால் ஆருக்கும் தெரியாத படத்திலை எடுக்கவேணும் மோனை. ஊருக்கே தெரிஞ்ச மாட்டை அவிட்டுக்கொண்டு வந்து எங்கட கொட்டிலுக்கை கட்டலாமே?

சரி, எடுக்கிறதுதான் எடுக்கிறாய், அந்த டைரக்டர் ஸ்டீபன் சொமர்ஸின்ரை வித்தையையும் சேத்து எடு. மனுசன் விண்ணன். இம்ஹொதெப் எண்டு ஒரு பேயை வைச்சிருக்கிறானல்லே, வாயைத் திறந்தால் ஆத்துத் தண்ணியே மதிலாய் எழும்பி வரும், அவன் உண்மையிலை ஆர் தெரியுமே? ஏறத்தாழ 4,600 வருசத்துக்கு முந்தி இருந்த மனுசன். சோசர் எண்ட ராசாவுக்குச் சக்காராவிலை படிப் பிரமிட்டைக் கட்டிக் குடுத்த பெரிய மேசன். எகிப்திலை கல்லாலை எழும்பின முதல் பிரமிட் அதுதான். செத்துக் கனகாலத்துக்குப் பிறகு சனம் அவரை வைத்திய தெய்வமாக்கிப் போட்டுது. வருத்தக்காரர் அவற்றை கோயிலிலை போய்ப் படுப்பினமாம், கனவிலை வந்து மருந்து சொல்லுவாராம். யோசிச்சுப் பார்: அப்பிடிப்பட்ட சாமியை எங்கட பெரியாஸ்பத்திரி வாசலிலை ஒரு மாடத்திலை வைச்சால் ஒரு நாளைக்கு எத்தினை தேங்காய் உடையும்! உந்தப் படக்காரங்கள் என்ன செய்தவங்கள்? 1932 இலையே, போரிஸ் கார்லொஃப்புக்குத் துணியைச் சுத்தி, அந்தப் பேரையும் ஒட்டிவிட்டு, டொக்டரைப் பிசாசாக்கிப் போட்டாங்கள். சொமர்ஸ் அவரை 1,300 வருசம் முன்னாலை தள்ளிக்கொண்டு வந்து சேத்தி எண்ட ராசாவின்ரை அரண்மனையிலை விட்டான். அங்கை ராசா வைச்சிருந்த பெட்டையோடை கள்ளக் காதல் வேறை. பிரமிட் கட்டின மனுசனுக்குக் கடைசியிலை கிடைச்ச சம்பளம் இது.

அனுபிஸைப் பார். நரித் தலை. செத்தவனைப் பக்குவமாய்ப் பாடமாக்கி, அந்த உலகத்துக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது அவற்றை வேலை. அங்கை தராசு ஒண்டு இருக்கு. ஒரு தட்டிலை செத்தவன்ரை நெஞ்சு, மற்றத் தட்டிலை ஒரு இறகு. நெஞ்சு பாரமெண்டால் பக்கத்திலை முதலை வாயோடை ஒண்டு குந்திக்கொண்டு இருக்கும், லபக்கெண்டு விழுங்கிவிடும். எங்கட சித்திரபுத்திரனார் கணக்கு எழுதுறார், அனுபிஸ் நிறுக்கிறார், அவ்வளவுதான். இப்பிடிக் கந்தோர் உத்தியோகம் பாக்கிற சாமிக்குப் படத்திலை குடுத்த வேலை சேனாதிபதி வேலை. மண்ணுக்குள்ளை இருந்து ஆயிரக்கணக்கிலை நரித்தலைப் பட்டாளம் எழும்பி வருது! மாணிக்கவாசகருக்காக மதுரையிலை நரி பரியான கதை நாங்கள் கேட்டதுதான்; அது விடிய முந்தித் திரும்ப நரியாகிப் போச்சு. உவன்ரை நரி ரெண்டு மணித்தியாலம் நிண்டு சண்டை பிடிக்குது.

தேள் ராசா எண்டு ஒருத்தனும் வருவான். அதுவும் சும்மா கட்டின பேரில்லை. பிரமிட் வர முந்தியே எகிப்திலை அப்பிடி ஒரு ராசா இருந்ததாய்க் காட்டுற கல்லுக் கதாயுதத் தலை ஒண்டு ஒக்ஸ்ஃபோர்ட் மியூசியத்திலை இருக்கு. கையிலை மண்வெட்டி போல ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், முகத்துக்குக் கிட்ட ஒரு தேள். வாய்க்கால் வெட்டுற ராசா எண்டு சொல்லுகினம். என்னைப்போல தோட்டக்காரன்! படத்திலை அவருக்கு மல்யுத்தக்காரன் டுவெய்ன் ஜோன்சனைப் போட்டாங்கள். அவனுக்கு அதுதான் முதல் படம். கடைசியிலை கொம்பியூட்டராலை அவனைப் பாதி மனுசன் பாதித் தேளாக்கி விட்டாங்கள் பார், அந்த முகத்தைக் கண்டு இண்டைக்கும் சனம் சிரிக்குது. கோடிக்கணக்கிலை டொலர் வைச்சிருந்தவனுக்கே அந்தக் கெதி. நீ உன்ரை லப்டொப்பிலை பத்துத் தலை செய்யப் போறாய். ஒரு தலையைச் சரியாய்ச் செய், மற்ற ஒன்பதும் துணிக்குள்ளை இருக்கட்டும். மம்மிதானே, ஆர் அவிட்டுப் பாக்கப்போறான்?

ஆனால் ஒண்டு சொல்லவேணும். அந்தப் படத்திலை ஒரு இடம் இருக்கு, அதுக்காக முழுப் படத்தையும் பாக்கலாம். முடிவிலை ஃப்ரேசரும் இம்ஹொதெப்பும் பாதாளத்து விளிம்பிலை தொங்குகினம். மேலையிருந்து எல்லாம் இடிஞ்சு விழுது. ஃப்ரேசரின்ரை மனுசி, ரேச்சல் வைஸ், ஓடிவந்து புருசனை இழுத்து எடுக்கிறாள். மற்றவன் தன்ரை பெட்டையைப் பாத்துக் கூப்பிடுறான். மூவாயிரம் வருசம் அவளுக்காகத்தான் கிடந்தவன். அவள் உயிர் தப்பினால் காணும் எண்டு திரும்பிப் பாராமல் ஓடுறாள். அவன் அந்த ரெண்டு பேரையும் ஒருக்காப் பாக்கிறான், பிடியைத் தானாய் விடுறான். ஆர்னல்ட் வொஸ்லூ எண்ட நடிகன், அந்தப் பார்வையிலை கெட்டிக்காரன். உன்ரை ராவணனுக்கும் அப்பிடி ஒரு மனவருத்தம் வை. உனக்கு வசதி வேறை இருக்கு: கம்பர் சொன்ன மண்டோதரி ஓடினவள் இல்லை, புருசன்ரை மேலிலை விழுந்து அழுது, அப்பிடியே உயிரை விட்டவள். பஸ்ஸையும் துவக்கையும் விட்டிட்டு இதை யோசிச்சியே? இல்லை. கமரா வாடகை எவ்வளவு எண்டு மட்டும் யோசிச்சிருப்பாய்.

இப்ப உனக்கொரு தொழில் ரகசியம் சொல்லுறன், கிட்ட வா. கும்பிட ஆளில்லாத சாமிதான் சினிமாக்காரனுக்கு வாய்ச்ச சாமி. அனுபிஸுக்கு இண்டைக்கு எந்தத் தெருவிலை கோயில் இருக்கு? ஆர் வந்து கொடி பிடிக்கப் போறான்? கெய்ரோவிலை போய் உங்கட சாமியை இப்பிடிச் செய்துபோட்டாங்களே எண்டு கேட்டால், ஆற்றை சாமி எண்டு கேப்பினம். படத்தை எடுத்ததுகூட எகிப்திலை இல்லை. மொரோக்கோ பாலைவனத்திலையும் யோர்தானிலையும் எடுத்தது. சாமிக்குச் சம்பளமும் இல்லை, ஊருக்கு வாடகையும் இல்லை.

இதை ஆளிருக்கிற சாமியிட்டைச் செய்து பாத்தவனும் உண்டு. ஸ்பீல்பேர்க். இண்டியானா ஜோன்ஸின்ரை ரெண்டாவது படம், 1984 இலை வந்தது. காளிக்கு முன்னாலை ஒருத்தன் உயிரோடை இருக்கிற ஆளின்ரை நெஞ்சைப் பிடுங்குவான். சாப்பாட்டு மேசையிலை குரங்கு மூளை. இந்திய அரசாங்கம் கதையைப் பாத்திட்டு, இஞ்சை எடுக்கேலாது எண்டுட்டுது. உடனை எங்கை வந்தவை? வேறை எங்கை, கண்டிக்கு! 1983 சித்திரையிலை வந்து இறங்கினவை. விக்ரோரியா அணைக்கட்டு வேலைக்கு நிண்ட எஞ்சினியர்மாரே கயித்துப் பாலத்தையும் கட்டிக் குடுத்தவை. எங்கட டீ. ஆர். நாநாயக்கார ஊர்ப் பெரியவராய் வந்து ஒரு போடு போடுவார். இங்கிலீசு தெரியாத மனுசன். கமராவுக்குப் பின்னாலை ஸ்பீல்பேர்க் சொல்லச் சொல்லக் கேட்டு அப்பிடியே திருப்பிச் சொன்னவர். படத்திலை பாத்தால் ஆயிரம் வருசத்து ஞானம் அந்த வாயாலை வாறமாதிரி இருக்கும்! அவையள் பாலத்தைத் தகர்த்துப் படம் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். அதே வருசம் ஆடிக் கலவரத்திலை நாங்கள் கொழும்பிலை இருந்து காங்கேசந்துறைக்குக் கப்பலேறினனாங்கள். அதைப் பிடிக்க ஒருத்தனும் கமரா கொண்டு வரேல்லை, அது கிடக்கட்டும்.

முகத்துவாரம் காளி கோயிலுக்கு ஒருக்காப் போய்ப் பார். தமிழ்ச் சனமளவுக்குச் சிங்களச் சனமும் தேசிக்காயும் கையுமாய் நிக்கும். அந்தச் சனத்துக்கு முன்னாலை போய், காளி நெஞ்சு தின்னுறவ எண்டு உன்னாலை சொல்லேலுமே? நீ உயிரோடை கொட்டாஞ்சேனை தாண்டமாட்டாய்.

இனி ராவணனுக்கு வருவம். உனக்கு வந்த கரைச்சல் என்னெண்டால், அவருக்கு ஆளில்லாமல் இல்லை, ஆள் கூடிப்போச்சு. 2019 இலை இலங்கை விண்வெளிக்கு விட்ட குட்டிச் செய்மதிக்கு ‘ராவணா-1’ எண்டு பேர். அடுத்த வருசம், ராவணன்ரை விமானம் பற்றி ஆரிட்டையும் பழைய புத்தகம், ஆவணம் இருந்தால் தாங்கோ எண்டு பேப்பரிலை அரசாங்க விளம்பரமே வந்தது. எங்கட ஆக்கள் விடுவினமே? அவர் சிவபக்தர், கோணேசர் மலையிலை ராவணன் வெட்டு இருக்கு, ஆனபடியால் அவர் எங்கட ஆள். ரெண்டு பகுதியும் உரிமை கொண்டாடுற ஒரு ஆளை நீ மம்மியாக்கப் போறாய். படம் ஓடுற தியேட்டருக்கு ஒரு பக்கக் கல்லெறி இல்லை, ரெண்டு பக்கமும் விழும்.

அதை விடு. சாத்திரத்திலையே உதைக்குது. எகிப்துக்காரன் உடம்பு இருந்தால்தான் அந்த உலகத்திலை சீவிக்கலாம் எண்டு நம்பினவன். மூளையை மூக்காலை எடுத்து, நெஞ்சை மட்டும் உள்ளை விட்டு, உப்பைப் போட்டுக் கருவாடு மாதிரிக் காயவைச்சுத் துணி சுத்தி முடிக்க 70 நாள். எங்களுக்கு எட்டுச் செலவு, 31 இலை அந்தியேட்டி, கீரிமலையிலை சாம்பலைக் கரைச்சால் சரி, உடம்புக்கும் எங்களுக்கும் கணக்கு முடிஞ்சுது. ராவணன் எங்கட கட்சி. கன்னியா வெந்நீர் ஊத்து ஏழும் எப்பிடி வந்ததெண்டு உனக்குச் சின்னனிலை சொன்னனான்: தாயாருக்குக் கிரியை செய்யத் தண்ணியில்லாமல் ராவணன் வாளாலை குத்தினது. தாய்க்கு அவ்வளவு பாத்துச் செய்தவனை, ராகலையிலை கிரியையுமில்லாமல் கொள்ளியுமில்லாமல் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டி விட்டிருக்கினமாம்! சரி, அப்ப ராமாயணத்திலை ராமர் சொல்லி அண்ணனுக்கு ஈமக் கடன் செய்த விபீசணன் ஆரை எரிச்சவர்?

அவரை நீ லேசாய்க் கேக்கலாம், தூரமில்லை. களனி விகாரைக்குப் போ. அங்கை தேவாலயத்திலை தெய்வமாய் இருக்கிறார், பூத்தட்டு வாங்கிக்கொண்டு போ.

படம் எடுக்கிறதை நிப்பாட்டச் சொல்லேல்லை. எடு. ராகலைக்குப் போகேக்கை ஜேர்சி கொண்டு போ, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு போ. மொரோக்கோவிலை வெயிலும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் அந்த மல்யுத்தக்காரனே விழுந்து படுத்தவன்; உன்ரை சிநேகிதப் பெடியள் கொத்து ரொட்டியிலை வளந்தவை, மலைக் குளிருக்கு நிண்டு பிடிப்பினமோ தெரியாது. காசுக்கு ரொறன்ரோ மாமாவைப் பிடி. ஆனால் ராவணன் எண்டு சொல்லாதை, காதல் கதை எண்டு சொல்லு.

எனக்கும் ஒரு வேசம் தா. நாநாயக்காரவுக்கு இங்கிலீசு தெரியாமலே ஹொலிவுட் சரிவந்தது, எனக்கு உன்ரை சினிமாத் தமிழ் தெரியாட்டில் என்ன? விபீசணன் வேசம் காணும், ஒரேயொரு காட்சி. எல்லாரும் பயந்துபோய் நிக்க, நான் தடியை ஊண்டிக்கொண்டு குகைக்குள்ளை வாறன், அந்த 18 அடிப் பெட்டியிலை தட்டுறன். “அண்ணை, உம்மை நான் அண்டைக்கே எரிச்சனானெல்லோ? உதுக்குள்ளை ஆர் கிடக்கிறது?”

நெருப்புப் பெட்டியை நானே கொண்டு வாறன்.